ஒரே கூரை, நான்கு வேளை: நெரிசல் நகரில் கலப்புப் பொதுவெளி வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியை ஓராண்டு முழுக்கக் கவனித்தால் கலப்புப் பொதுவெளி என்றால் என்னவென்று தானே விளங்கிவிடும். பங்குனியில் அது கபாலீசுவரர் தேரோடும் பாதை. அறுபத்துமூவர் அன்று ஆள் நகர இடமிருக்காது. நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மைக் கடைகள் நடைபாதை நெடுகப் பரவும். மார்கழி விடியலில் பஜனை போகும். மற்ற நாட்களில் பூ, காய்கறி, வண்டி நிறுத்தம். வீதியின் அகலம் அதே அகலம்தான். எந்த நாளில், எந்த வேளையில் அந்த இடம் யாருடையது என்பது ஊருக்கே மனப்பாடம். அதனால்தான் இத்தனையும் ஒரே இடத்தில் நடக்கின்றன.

பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) ஸ்டுடியோவில் இதே தலைப்பு வரும்போது மாணவர்கள் வரைந்து வைக்கும் பெரும்பாலான ஷீட்களில் நடப்பது வேறு. பிளானின் நடுவில் ஒரு வெற்றுச் சதுரம், அதன்மேல் ‘மல்டிபர்ப்பஸ் பிளாசா’ என்ற எழுத்து, சுற்றிலும் பபிள் டயகிராமிலிருந்து (எந்த அறைக்குப் பக்கத்தில் எது என்று வட்டங்களால் காட்டும் படம்) இறங்கிவந்த அறைகள். சந்தை முடிந்தபின் கூடைகள் எங்கே போகும், ஈரத்தரை எப்போது காயும், 300 நாற்காலிகளை யார் எங்கிருந்து எடுத்துப் போடுவார் என்று ஜூரியில் (மதிப்பீட்டுக் குழுவின் முன்) கேட்டால் பதில் இருக்காது. கலப்பு என்பது அறைகளை அடுக்குவதில் வருவதில்லை. வேளைகளை அடுக்குவதில் வருகிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வரியின் விரிவாக்கம்தான்.

எண்கள் கையில் இல்லாமல் பேசினால் பயன் இருக்காது என்பதால், சென்னை மாம்பலம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, தியாகராய நகர்ப் பக்கம் ஒரு மனையைப் பயிற்சிக்காகக் கற்பனை செய்துகொள்வோம். கிழக்கு மேற்காக 36 மீட்டர், வடக்கு தெற்காக 60 மீட்டர், மொத்தம் 2,160 சதுர மீட்டர். மேற்கில் புறநகர் ரயில் பாதை, கிழக்கில் கடைத்தெரு, தெற்கில் ஒரு சந்து. காலையில் காய்கறி, பூச் சந்தை. பகலில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் படிப்பகம். மாலையில் பிள்ளைகள் விளையாட்டும் கேரமும். வார இறுதியில் கூட்டம், கச்சேரி, வளைகாப்பு. இதுதான் தேவைப் பட்டியல்.

முதல் வேலை: மனையில் உட்காருங்கள்

ஒருநாள் மதியம் போய் நாற்பது படம் எடுத்துக்கொண்டு திரும்புவது மனை ஆய்வு ஆகாது. குறைந்தது நான்கு வகை நாட்கள் வேண்டும்: சாதாரண வேலைநாள், ஞாயிறு, முகூர்த்த நாள், மழை நாள். முகூர்த்தத்துக்கு முந்தைய மாலையில் பூக்கடைக் கூட்டமே வேறு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ரங்கநாதன் தெருவில் எடுக்கும் கணக்கைச் சராசரியாகக் கொள்ளக் கூடாது. ஆனால் ஆபத்தில் தப்பிக்கும் வழிக்கான உச்சக் கணக்கு அதுதான்.

எண்ணும் முறை எளிது. தரையில் கற்பனையாக ஒரு கோடு கிழித்து, அதைக் கடப்பவர்களை மணிக்கு ஒருமுறை 10 நிமிடம் எண்ணுங்கள். ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 33 பேர் வரை போனால் தாராளமாக நடக்கலாம். 66-ஐ நெருங்கினால் முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். 10 நிமிடத்தில் 1,200 பேர் கடந்தால் நிமிடத்துக்கு 120, அதற்கு 3.6 மீட்டர் தடையில்லாத அகலம் தேவை. பக்கத்திலேயே ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கிறது. மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-இல் திறக்கப்பட்ட 570 மீட்டர் ஆகாய நடைபாதையின் அகலம் 4.2 மீட்டர். அதே கணக்கில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 138 பேரைச் சௌகரியமாகக் கடத்தும்.

அடுத்து வியாபாரிகளை எண்ணுங்கள். தரைக்கடை, தள்ளுவண்டி, கூடைக்காரர், சுவரில் மாட்டி விற்பவர் என்று தனித்தனியாக. ஒவ்வொருவரும் பிடித்திருக்கும் இடத்தை டேப் போட்டு அளந்து, வரும் நேரம், போகும் நேரம், இரவில் சரக்கு வைக்கும் இடம், தண்ணீர் எடுக்கும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். ஒரு காய்கறித் தரைக்கடையைக் கிட்ட நின்று பாருங்கள்: முன்னால் ஒரு கோணி விரிப்பு, அதன்மேல் கூறு கட்டிய தக்காளி, பின்னால் அந்த அம்மா உட்கார ஒரு மணை, இடப்பக்கம் தராசு, வலப்பக்கம் தண்ணீர்க் குடம், முதுகுக்குப் பின்னால் இன்னும் பிரிக்காத இரண்டு மூட்டைகள். இதெல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1.8 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம். கேட்லாக்கில் வரும் 1 மீட்டர் கியாஸ்கில் அந்த இரண்டு மூட்டைகளுக்கு இடமில்லை. அவை நடைபாதைக்கு வரும். அப்புறம் ‘ஆக்கிரமிப்பு’ என்று பெயர் வாங்குவது அந்த அம்மாதான், வரைந்தவர் அல்ல.

இங்கே கறாராகச் சொல்ல வேண்டியது ஒன்று. மனையில் இப்போது 40 பேர் விற்கிறார்கள் என்றால், உங்கள் வடிவமைப்பில் 40-க்குக் குறையாத இடம் இருக்க வேண்டும். 26 அழகான கடைகள் வரைந்தால், 14 குடும்பங்களை வெளியேற்றும் வரைபடம் அது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்க வந்தது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்கிறது. ஷீட்டில் இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டுவிட்டு பிளானில் அதை மீறுவது சரியல்ல.

வெள்ளத்தை யாரிடம் கேட்பது?

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம். சுவரில் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 2015, 2023 ஆகிய இரண்டு டிசம்பர்களிலும் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று விரலால் காட்டுவார்கள். அந்த உயரத்தைச் சாலை மட்டத்திலிருந்து அளந்து எழுதுங்கள். தியாகராய நகர் 1920-களில் நெடிய ஏரியை வற்றவைத்து உருவான குடியிருப்பு. தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வருவதில் வியப்பில்லை.

அதனால்தான் இந்த மனையில் பள்ளமான அரங்கு வேண்டாம் என்கிறோம். மாணவர்களுக்கு அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. ராட்டர்டாமில் 2013-இல் வந்த பெந்தம்பிளெய்ன் நீர்ச்சதுக்கத்தைப் பார்த்துவிட்டு, வறண்ட நாளில் விளையாட்டுத் திடல், மழை நாளில் நீர்த்தொட்டி என்று அப்படியே எடுத்துவருவார்கள். அந்தத் திட்டம் அருமையானது, சுமார் 1,700 கன மீட்டர் தண்ணீரைப் பிடிக்கிறது. ஆனால் பழைய ஏரிப்படுகையில், வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் வாரங்களில், பள்ளம் நிரம்பினால் வடிய வழியில்லை. ஒரு வாரம் தேங்கினாலே ஏடிஸ் கொசு பெருகிவிடும். இங்கே தரையை உயர்த்துவதுதான் சரி. வெள்ளக்கறை 450 மில்லிமீட்டர் என்றால் அதற்கு மேல் 150 சேர்த்து, சாலையிலிருந்து 600 மில்லிமீட்டர் உயரத்தில் தளம் வையுங்கள். சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் போடும் பழக்கம் இருந்த தெருக்களில் சாலையும் வருடத்துக்கு வருடம் உயர்ந்திருக்கும், அதையும் விசாரியுங்கள்.

600 மில்லிமீட்டர் ஏற, 150 உயரத்தில் 4 படிகள், மிதி குறைந்தது 300. சக்கர நாற்காலிக்கு 1-க்கு 12 சரிவு என்றால் 7.2 மீட்டர்; 1-க்கு 15 என்றால் 9 மீட்டர். 15-ஐயே எடுங்கள். மூட்டை தள்ளும் கைவண்டியும் பிள்ளை வண்டியும் அதில்தான் போகப்போகின்றன. சரிவின் இருமுனையிலும் 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர் சமதளம், கைப்பிடி 700, 900 மில்லிமீட்டர் என இரண்டு உயரங்களில். சரிவைப் பின்பக்கம் குப்பை அறைக்கு அருகில் ஒளித்துவைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, முகப்பில், படிகளுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கால அட்டவணைதான் முதல் வரைபடம்

பபிள் டயகிராமுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஓர் ஏ2 தாளில் மேலிருந்து கீழாகக் காலை 4 மணி முதல் இரவு 11 வரை, இடமிருந்து வலமாக ஏழு நாட்கள், எட்டாவதாகத் திருவிழா நாள், ஒன்பதாவதாக மழை நாள். ஒவ்வொரு கட்டத்திலும் யார், எத்தனை பேர், என்ன பொருட்கள், எவ்வளவு சத்தம், தண்ணீர் வேண்டுமா, விளக்கு வேண்டுமா, சாவி யாரிடம் என்று ஏழு குறிப்புகள்.

நிரப்பியதும் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். ஒன்று, மோதும் கட்டங்கள்: சனிக்கிழமை மாலை 6 மணிக்குக் கீழே கச்சேரி, மேலே தேர்வுக்குப் படிப்பவர்கள். இரண்டாவது, மாறும் நேரம். சந்தை 10.30-க்கு முடிகிறது என்றால் அடுத்த வேலை 10.30-க்குத் தொடங்க முடியாது. சந்தை, விளையாட்டு, கூட்டம் எல்லாம் நடக்கும் நம் கூரைக்கூடத்தின் அளவு 18க்கு 30 மீட்டர், 540 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 2 முதல் 3 லிட்டர் வைத்துக் கழுவினால் 1,100 முதல் 1,600 லிட்டர் தண்ணீர். ஒரு ஹோஸில் நிமிடத்துக்கு 30 லிட்டர் வந்தால் 40 முதல் 50 நிமிடம் ஆகும். காய இன்னும் அரை மணி. ஆக ஒன்றே கால் மணி நேரம் யாருக்கும் சொந்தமில்லாத நேரம். அதை அட்டவணையில் வண்ணமிட்டுக் காட்டுங்கள். அந்த வண்ணக் கட்டங்கள்தான் தண்ணீர்த் தொட்டி, வடிகால், சேமிப்பறை மூன்றின் அளவையும் முடிவு செய்கின்றன. கழுவுவதற்கென்று மழைநீரில் நிரம்பும் 2,000 லிட்டர் தொட்டியைத் தனியாக வையுங்கள். குடிநீர்த் தொட்டியோடு இணைக்க வேண்டாம்.

முன்மாதிரிகளையும் இந்த அட்டவணையில் போட்டுப் படியுங்கள், முகப்புப் படங்களைச் சேகரிக்காதீர்கள். ஹாங்காங்கின் நகராட்சிச் சேவைக் கட்டடங்களில் கீழே ஈரச்சந்தை, அதன்மேல் சமைத்த உணவுக் கடைகள், இன்னும் மேலே நூலகமும் விளையாட்டுக் கூடமும் அடுக்கடுக்காக இருக்கும். மீன் வாங்க வருபவரின் நேரம் வேறு, ஷட்டில் ஆட வருபவரின் நேரம் வேறு. சிங்கப்பூரின் கம்போங் அட்மிரால்டியில் தரைமட்டத்தில் மக்கள் சதுக்கம், நடுவில் மருத்துவ மையம், மேலே தோட்டமும் முதியோர் வீடுகளும். 2018-இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருது பெற்றது. அதன் செக்‌ஷன் (கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் வரைபடம்) ஒன்றையே ஒரு வாரம் படிக்கலாம். ஹாங்காங்கின் எச்.எஸ்.பி.சி. தலைமையகத்தின் அடியில் உள்ள திறந்த தரைத்தளம் ஞாயிறுகளில் வீட்டுப் பணிப்பெண்களின் சந்திப்பிடமாகிறது. யாரும் அதற்கென்று வரையவில்லை. நிழலும் சமதரையும் இருந்தன, மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். நம் ஊரில் கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகத்தைப் போய்ப் பாருங்கள். பணிக்கூடம், படிப்பகம், சிற்றுண்டி இடம் ஒரே கட்டடத்தில். மதிய உணவு நேரத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று கவனியுங்கள்.

வெயில், காற்று, மழை: மனையை மூன்றாகப் பிரிப்பவை

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சி. ஜூனில் அது சற்று வடக்கே சாயும் என்பதால் வடக்குச் சன்னலுக்கும் சஜ்ஜா (வெயில் மறைக்கும் பலகை) தேவை. இதைவிடப் பெரிய சிக்கல் மாலை வெயில்.

ஏப்ரல் கடைசியில் மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானிலிருந்து ஏறக்குறைய 33 பாகை உயரத்தில், மேற்கில் இருக்கும். 5 மீட்டர் உயரக் கூரையின் நிழல் அப்போது 7.5 மீட்டர் கிழக்கே தள்ளி விழும். கூரை 18 மீட்டர் அகலம் என்றால் அதன்கீழ் மேற்கு ஓரத்தில் 7.5 மீட்டர் வெயிலில் கிடக்கும், கிழக்கே தெருவில் நிழல் விழும். ரெண்டரில் (கணினியில் உருவாக்கிய தோற்றப் படத்தில்) கூரைக்கு நேர் கீழே நிழல் காட்டியிருப்பீர்கள். அது நண்பகல் நிழல், பிள்ளைகள் ஆட வருவது 4 மணிக்கு.

நம் மனையில் மேற்கே ரயில் பாதை. மறைக்கக் கட்டடம் எதுவும் இல்லை. எனவே மறைப்பை நாமே கட்ட வேண்டும். மேற்கு எல்லையிலிருந்து 3 மீட்டர் விட்டு, 9 மீட்டர் அகலத்தில் 54 மீட்டர் நீளத்துக்கு 3 மாடிக் கட்டு, உயரம் 12 மீட்டர். அதே 4 மணிக்கு அதன் நிழல் 18 மீட்டர் நீளும்; கூடத்தின் அகலம் முழுவதும் நிழலில். ரயில் சத்தத்துக்கும் அதுவே சுவர். மேற்கு முகத்தில் படிக்கட்டு, கழிப்பறை, சேமிப்பறை ஆகியவற்றை வையுங்கள். வெயிலும் சத்தமும் அவற்றைப் பெரிதாகப் பாதிக்காது. கூட்டிப் பாருங்கள்: 3, 9, 18, மிச்சம் 6 மீட்டர் கிழக்கு முகப்பு. மொத்தம் 36. ரயில் பாதையை ஒட்டிய மனை என்பதால் ரயில்வேயின் தடையில்லாச் சான்று தேவைப்படும். ஓரங்களில் விட வேண்டிய இடைவெளியையும் உங்கள் தெரு அகலத்துக்கேற்ப விதியில் சரிபாருங்கள்.

கிழக்கைத் திறந்து விட்டால் பிற்பகல் கடற்காற்று உள்ளே வரும். அதே திறப்பின் வழியாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து சாரலும் வரும். 5 மீட்டர் உயரக் கூரையில், மழை 45 பாகைச் சாய்வில் அடித்தால் 5 மீட்டர் உள்ளே நனையும். இந்த முரண்பாட்டுக்கு நிரந்தரச் சுவர் விடையாகாது. கிழக்கு விளிம்பில் கூரையை இறக்கி, தரையிலிருந்து 3 மீட்டரில் முடியும் சாய்ந்த தாழ்வாரம் ஒன்றும், அதற்குக் கீழே சுருட்டி ஏற்றும் தார்ப்பாய்த் திரையும் போதும். திரைக்கான உருளையையும் கயிறு கட்டும் கொக்கியையும் 1:20 அளவில் வரைந்து காட்டுங்கள். ஒன்பது மாதம் சுருண்டிருக்கும், மூன்று மாதம் இறங்கும்.

கூடத்தின் உடற்கூறு

தூண்களைக் கூடத்தின் நடுவில் போடாதீர்கள். 18 மீட்டர் தாவும் எஃகு டிரஸ் (முக்கோணங்களாகப் பின்னிய உத்தரம்), 6 மீட்டருக்கு ஒன்றாக 6 சட்டகங்கள், 12 தூண்கள், எல்லாம் ஓரத்தில். டிரஸின் ஆழத்தைத் தாவு தூரத்தில் 12 முதல் 15-இல் ஒரு பங்காக, 1.2 முதல் 1.5 மீட்டர் வரை முதலில் வைத்துக்கொள்ளலாம். செக்‌ஷனில் அதை 300 மில்லிமீட்டர் கோடாக வரைந்தால் கட்டுமான ஆசிரியர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

மழைநீர்க் குழாய் ஏறக்குறைய எல்லா ஷீட்களிலும் தவறுகிறது. மணிக்கு 100 மில்லிமீட்டர் மழைக்கு 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் சுமார் 40 சதுர மீட்டர் கூரையைத்தான் தாங்கும். கூடமும் மேற்குக் கட்டும் சேர்ந்து 1,026 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 100 கன மீட்டருக்கு மேல் தண்ணீர். 100 மில்லிமீட்டர் குழாய் என்றால் 26 வேண்டும். நான்கு மூலையில் நான்கு குழாய் வரைந்தால் நடு வாய்க்கால் பொங்கி, சரியாகச் சந்தைக்காரர் தலையில் கொட்டும். கூடத்தில் தூணுக்கு 45 சதுர மீட்டர் கூரை வருகிறது. 150 மில்லிமீட்டர் குழாயாகப் போட்டு, தூணுக்குள் புதைக்காமல் பக்கத்தில் வெளியே இறக்குங்கள். அரச இலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்தால் திறந்து எடுக்க வேண்டும்.

தரை நடுவில் முதுகாக உயர்ந்து இருபுறமும் 1-க்கு 100 சரியட்டும். 9 மீட்டருக்கு 90 மில்லிமீட்டர் இறக்கம். தண்ணீர் ஓடும், நாற்காலி ஆடாது, கேரம் பலகையின் காலுக்குச் சிறு அட்டை வைத்தால் சமமாகிவிடும். இரு ஓரத்திலும் 200 மில்லிமீட்டர் அகல வாய்க்கால். மேல் கம்பியின் இடைவெளி 12 மில்லிமீட்டரைத் தாண்டாமல், நடக்கும் திசைக்குக் குறுக்காக. இல்லாவிட்டால் ஊன்றுகோல் மாட்டும். வாய்க்கால் முடியும் இடத்தில் காய்கறித் தழை பிடிக்கும் கூடை ஒன்று, கையால் தூக்கும் எடையில். தரைக்குத் தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட் நல்லது. பளபள விட்ரிஃபைடு டைலில் ஈரமும் கொத்தமல்லித் தழையும் சேர்ந்தால் வழுக்காமல் இருக்காது.

40 கடைகளை அடுக்குவோம். முதுகோடு முதுகாக இரண்டு வரிசை சேர்ந்தால் 3 மீட்டர். அப்படி இரண்டு ஜோடி, மூன்று நடைவழிகள் தலா 2.4 மீட்டர்: வாங்குபவர் குனிந்து நிற்க இருபுறமும் 0.6, நடுவே நடக்க 1.2. மொத்தம் 13.2 மீட்டர். மீதமுள்ள 4.8 மீட்டர் மேற்குப் பக்கம் சரக்கு வழி. வரிசைக்கு 10 கடைகள், 18 மீட்டர். 30 மீட்டர் நீளத்தில் குறுக்கு வழிகளுக்கு 12 மீட்டர் தாராளமாகக் கிடைக்கிறது. கடை மேடை எதுவும் நிரந்தரமாகக் கட்ட வேண்டாம். நிலையான மேடை வந்த நிமிடமே அது சந்தைக் கட்டடம், மாலைக்கு இடமில்லை. இடத்தைத் தரைக்கல்லில் பதித்த பித்தளைக் குமிழ்களால் குறியுங்கள். எண் எழுதிய குமிழ் ஒவ்வொருவரின் உரிமையையும் காக்கும்.

அப்படியானால் சரக்கு எங்கே போகும்? மேற்குக் கட்டின் தரைத்தளத்தில், சரக்கு வழியை ஒட்டி, 1.2 மீட்டர் அகல அடைப்புகள் 20, இரண்டு அடுக்கு, ஆக 40 பூட்டுகள், 24 மீட்டர் நீளம். முன்பக்கம் கம்பி வலை. காற்றில்லாத பெட்டியில் வெங்காயம் அழுகும். மேலடுக்கைக் கீரை, பூக்காரர்களுக்குக் கொடுங்கள், உருளைக்கிழங்கு மூட்டையை மேலே தூக்க முடியாது. 300 நாற்காலியை 15 உயரத்துக்கு அடுக்கினால் 20 அடுக்குகள். நகர இடத்தோடு 10 சதுர மீட்டர் அறை. ஜமக்காளம், மைக் பெட்டி, கேரம் பலகை எல்லாம் சேர்த்து, பலவேளைக் கூடத்தின் பரப்பில் 8 முதல் 10 சதவீதம் சேமிப்புக்கு ஒதுக்குவது எங்கள் வழக்கம். இதைக் குறைத்தால் முதலில் பறிபோவது படிக்கட்டுக்கு அடியிலுள்ள வெளியேறும் வழி.

விடியற்காலைச் சரக்கு குட்டி யானையில் வரும். 3.8 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், திரும்ப 4.3 மீட்டர் ஆரம் வேண்டும். தெற்குச் சந்தில் இரண்டு வண்டிக்கு நிற்குமிடம் விட்டு, அங்கிருந்து சரக்கு வழிக்கு நேராகச் சரிவு அமையுங்கள். குப்பை அறையும் அதே முனையில், 3க்கு 4 மீட்டர், மக்கும் குப்பைக்குத் தனிக் கதவு.

தப்பிக்கும் கணக்கு

கூட்டம் கூடும் இடத்தில் ஒருவருக்கு 0.6 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். 540-ஐ வகுத்தால் 900 பேர். சமதள வாசலுக்கு ஆளுக்கு 6.5 மில்லிமீட்டர், 5.85 மீட்டர் வெளியேறும் அகலம். மூன்று வாசல், தலா 2 மீட்டர், வெவ்வேறு திசைகளில். இதே கூடத்தை ‘காட்சி நன்றாக இருக்கும்’ என்று இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோனால் படிக்கட்டுக்கு ஆளுக்கு 10 மில்லிமீட்டர், 9 மீட்டர் படிக்கட்டு அகலம். 2 மீட்டரில் ஐந்து படிக்கட்டுகள். 9 மீட்டர் அகலக் கட்டில் அது நடக்காது. பெரிய கூட்டம் தரையில்தான் இருக்க வேண்டும் என்பதை ரசனை முடிவு செய்யவில்லை, இந்தப் பெருக்கல் முடிவு செய்கிறது.

கிழக்குப் பக்கம் முழுக்கத் திறப்புதானே என்று விட்டுவிடாதீர்கள். அந்த 6 மீட்டர் முகப்பில் பைக் நிறுத்தம் வந்தால் திறப்பு வெறும் வரைபடத்தில்தான். 600 மில்லிமீட்டர் மேடையும் படியும் பைக்கைத் தடுக்கும்; சரிவின் வாயில் மட்டும் 1.2 மீட்டர் இடைவெளியில் கல் குத்துகள் நடுங்கள்.

படிப்பகமும் மைக்கும்

மேற்குக் கட்டின் மூன்றாம் தளம் 486 சதுர மீட்டர். ஒருவருக்கு 2.7 சதுர மீட்டர் வீதம் 150 இருக்கைகள் 405-இல் அடங்கும்; மிச்சம் படிக்கட்டு, கழிப்பறை, பை வைக்கும் அடுக்கு. இரு முனையிலும் படிக்கட்டு. கலப்புக் கட்டடத்தில் எந்தப் பயன்பாட்டுக்கான விதி கடுமையோ அதையே பிடியுங்கள், அதனால் 2 மீட்டர் அகலம். ஒரு படிக்கட்டு தெருவிலிருந்து நேராக ஏற வேண்டும். படிப்பகம் இரவு வரை திறந்திருக்கும், கூடம் பூட்டியிருக்கும். படிக்க வருபவர் பூட்டிய கூடத்தைக் கடக்க வேண்டியிருந்தால் ஒரு மாதத்தில் இரண்டில் ஒன்று மூடப்பட்டுவிடும்.

சத்தம்தான் இங்கே நிஜச் சிக்கல். மின்விசிறியும் திறந்த சன்னலுமாக இருக்கும் அறைக்குச் சுவரின் தடிமன் பெரிதாக உதவாது, ஒலி சன்னல் வழியே வரும். மேற்கில் ரயில், கிழக்கில் கூடம். எனவே இருக்கைகளை வடக்குப் பாதியில் குவித்து, மேடையைக் கூடத்தின் தெற்கு முனையில், தெற்கு நோக்கி ஒலி போகாதபடி சுவரை முதுகாக வைத்து, கிழக்கே சாய்த்து அமையுங்கள். கூடத்தை நோக்கிய பக்கத்தில் 1.8 மீட்டர் தாழ்வாரம், இரட்டைக் கதவு. கூரையின் அடியில் துளையிட்ட பலகையும் அதன் பின்னால் கனிமக் கம்பளியும் வைத்தால் எதிரொலி குறையும். வெறும் தகரக் கூரையில் மழை பெய்தால் மேடைப் பேச்சே கேட்காது. இதற்குப் பிறகும் மோதல் இருக்கும். அதை அட்டவணையில் தீருங்கள்: தேர்வு மாதங்களில் சனிக்கிழமை நிகழ்ச்சி கிடையாது என்று எழுதுங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு விதியே இடம் தருவதில்லை.

கழிப்பறை, விளக்கு, திண்ணை

பூக்கார அம்மா காலை 4 மணிக்கு வருகிறார். கழிப்பறை 9 மணிக்குத் திறந்தால் அவருக்கு அது இல்லாத கழிப்பறை. கதவு தெருவைப் பார்த்து, விளக்கு வெளிச்சத்தில், கடைகளின் கண்பார்வையில் இருக்கட்டும். பெண்களுக்கு ஆண்களைவிட அதிக எண்ணிக்கை. பிள்ளைக்குத் துணி மாற்றும் பலகை இருபுறமும். சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம்.

திண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை. கான்செப்ட் ஷீட்டில் ‘திண்ணை’ என்று எழுதாதவர் குறைவு. அதை வேலை செய்யவைக்க மூன்று அளவுகள் தேவை: உட்கார 450 மில்லிமீட்டர் உயரம், காலை மடித்து உட்கார 600-க்குக் குறையாத ஆழம், முதுகு சாய நிழலிலிருக்கும் ஒரு சுவர். இந்த மூன்றில் ஒன்று குறைந்தால் அது வெறும் மேடை. முகப்பின் 6 மீட்டர் அகலத்தில், கூடம் பூட்டியிருக்கும்போதும் உட்காரக்கூடிய 20 மீட்டர் திண்ணையாவது இருந்தால், வாங்க எதுவும் இல்லாதவருக்கும் அங்கே இடம் உண்டு.

ஷீட்டில் என்ன காட்டுவது

ஒரே செக்‌ஷனை 1:100-இல் ஐந்து முறை வரையுங்கள்: காலை 5, பகல் 11, மாலை 4, இரவு 8, டிசம்பர் மழை. கட்டடக் கோடு ஐந்திலும் ஒன்றே; ஆட்கள், பொருட்கள், நிழல், தண்ணீர், திரை மட்டும் மாறும். பகல் 11 மணிப் படத்தில் ஈரத்தரையும் ஹோஸும் தெரியட்டும். 1:200 மாடலில் கூரை கழன்று வரட்டும். கீழே சந்தை, விளையாட்டு, நாற்காலி என மூன்று தட்டுகளை மாற்றி மாற்றி வைத்துக் காட்டலாம். 1:20-இல் மூன்று விவரங்கள் போதும்: வாய்க்கால் விளிம்பு, பூட்டுப் பெட்டி, சாரல் திரை. பறவைப் பார்வை ரெண்டர் ஒன்றைக் குறைத்துவிட்டு அந்த இரவை இதற்குச் செலவிடுங்கள்.

விதிக் கணக்கையும் ஒரு மூலையில் வையுங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி 18.30 மீட்டருக்கு உட்பட்டது உயர்மாடி அல்லாத கட்டடம். தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. நம் மனையில் 4,320 சதுர மீட்டர் வரை கட்டலாம், நாம் கட்டுவது 2,000 சதுர மீட்டர்தான். மிச்சத்தை ஏன் கட்டவில்லை என்று ஜூரியில் கட்டாயம் கேட்பார்கள். மாலை நிழலுக்கு 12 மீட்டர் போதும், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு மாடியும் தரையில் வெளியேறும் அகலத்தையும் வண்டி நிறுத்தத்தையும் கேட்கும், அவை திண்ணையிலிருந்துதான் எடுக்கப்படும் என்று எண்களோடு சொல்லுங்கள்.

கடைசி ஷீட் பராமரிப்பு. கூடம், பூட்டுப் பெட்டிகள், படிப்பகம், கழிப்பறை, நான்குக்கும் தனித்தனி ஈ.பி. மீட்டர், ஒருவர் கட்டணம் பாக்கி வைத்ததற்காக மற்றவர் விளக்கு அணையக் கூடாது. அதன் பக்கத்தில் சாவிப் பட்டியல்: காலை 4 மணிக்குக் கூடத்தைத் திறப்பவர் யார், இரவு 10-க்குப் படிப்பகத்தைப் பூட்டுபவர் யார், சாரல் திரையின் கைப்பிடி எந்த அறையில், அடைப்பு எடுக்க வாய்க்கால் கம்பியைத் தூக்கும் கொக்கி எந்த ஆணியில்.